ரைட் கிளிக்கில் ஒரு கொம்பன்

ஜினிஷா ஆபீசுக்குள் நுழைந்தபோது முதலாளி வைகுண்டராஜன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை மவுஸின் மேல். திரையில் ரைட் கிளிக் மெனு விரிந்து கிடந்தது.

ஜினிஷா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எனக்க மெஷின் ஓடல. இதுல ஷீட் ரேட்டப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார். மெனுவை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

குலசேகரத்தில் இருக்கும் அந்த ரப்பர் ஷீட் மொத்த வியாபார ஆபீசில், ஃபைல்கள் நாள் முழுக்க ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஃபோல்டரைத் தேடித் திறந்து அலுத்துப்போன ஜினிஷா, நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஷிஜினிடம் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். ரைட் கிளிக் செய்தால் வரும் 'சென்ட் டு' பட்டியலில் நமக்கு வேண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பேரைத் தட்டினால் ஃபைல் நேராக அங்கே போய் விழும்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவள் கீரிப்பாறைக்காரி. பட்டப்பேர் வைக்காமல் அங்கே யாருக்கும் சோறு இறங்காது. ஆகவே பட்டியலில் இருந்தவை: கொம்பன், கட்டெறும்பு, உறங்கி.

கொம்பன், சந்தேகமே இல்லை, முதலாளிதான். எஸ்டேட்டில் ஒற்றை யானை இறங்கினால் எப்படிச் சருகுகூட அசையாதோ, அப்படித்தான் அவர் வந்தால் ஆபீஸ். வருகிற சனிக்கிழமை அவளை வேலையில் நிரந்தரமாக வைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்லவேண்டியவரும் அவரே. வேலை போனால் அம்மாவோடு விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகவேண்டும், நிஜக் கொம்பன் நடமாடும் அதே வழியில்.

மத்தியானம் ஊண் முடிந்ததும் முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு 'கணக்கு' பார்ப்பது வழக்கம். அன்றைக்குக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து, கண்ணை இமைக்காமல், ஜினிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேஜைக்கடியில் குனிந்து போன் போட்டாள்.

"அண்ணா, அந்தப் பேர எப்பிடி எடுக்கது?"

"ஏன்? நல்லாத்தான இருந்து?"

"அவரு பாத்துட்டாரு!"

ஷிஜின் சிரித்த சிரிப்பு மேஜைக்கடியில் எதிரொலித்தது. "சிரிக்காத அண்ணா, எனக்கு உயிரு போகுது!" பிறகுதான் அவன் வழி சொன்னான். சொன்னதைத் தட்டினாள், சுருக்குவழிகள் இருக்கும் ஃபோல்டர் திறந்தது. கொம்பனை அழிக்கப் போகும் நேரம் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். அவசரத்தில் போனது கொம்பன் இல்லை, கட்டெறும்பு.

"என்ன பிள்ள, லிஸ்ட்டு சின்னதாயிட்டு?" முதலாளி நின்றுகொண்டிருந்தார். "கட்டெறும்பு எங்க?"

"அது... புத்துக்குள்ள போயிட்டு சார்."

"ம். இந்தக் கொம்பன் ஆரு?"

ஜினிஷா அங்குமிங்கும் பார்த்தாள். எதிர் மேஜையில் மேனேஜர் ஆபேல் தென்பட்டார். மெல்லிய மரச்சீனிக் கம்புக்குச் சட்டை போட்டது மாதிரி ஒரு மனுஷர்.

"ஆபேல் சாரு, சார்!"

முதலாளியின் முகம் விழுந்தது. மிச்சம் இருந்த ஒரே பேரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அறைக்குத் திரும்பினார்.

ஆபேலுக்கோ வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் கால். "கேட்டியா ஓமனா, என்னயப் பிள்ளையள் கொம்பன்னாக்கும் சொல்லுது!" என்று சாயா போடும் ஓமனாவிடம் போய்ச் சொன்னார். முதலாளி காதில் விழும்படி இன்னொரு தடவையும் சொன்னார். அதன்பிறகு அவர் நடையே மாறிவிட்டது. தோள் ஒரு பக்கம், தும்பிக்கை இருந்தால் அது ஒரு பக்கம்.

ஜினிஷாவுக்கு ராத்திரி சோறு செல்லவில்லை.

மறுநாள் முதலாளி எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தார். கண் இரண்டும் கொவ்வைப் பழம். மத்தியானம் உட்காரவே இல்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். குழாயடியில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்து மறுபடியும் நடந்தார். ஓமனா கட்டன் சாயா கொண்டுபோவதும் காலித் தம்ளரோடு திரும்புவதுமாக இருந்தாள்.

"என்னட்டி, சாருக்கு என்ன ஆச்சு?" என்று அவள் ஜினிஷாவிடம் கிசுகிசுத்தாள். "பாலு வேண்டாம், இன்னும் கடுப்பமா போடுங்காரு. இந்த மனுஷன் மத்தியானம் சாயாவே குடிக்கமாட்டாரே!"

மதம் பிடிக்கிறது என்று ஜினிஷா நினைத்தாள்.

"ஏ பிள்ள, இஞ்ச வா!"

போனாள். முதலாளி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேராச் சொல்லணும். அந்த லிஸ்ட்டுல நான் ஆரு?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது!

"மன்னிச்சிருங்க சார். பொய்யாக்கும் சொன்னேன். கொம்பன் நீங்கதான். ஆபேல் சாரு கட்டெறும்பு."

கதவோரம் நின்ற ஆபேலின் தோள் இறங்கியது.

"அப்போ... உறங்கி?"

"அது நம்ம பிரிண்டரு சார். ரெண்டு தட்டுத் தட்டி எழுப்புனாதான பேப்பரு வரும்!"

முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கொட்டாவி ஒன்று அவரையும் மீறிக் காது வரைக்கும் விரிந்தது.

"கொம்பனா? நானா?" மீசையைத் தடவிக்கொண்டார். "சனிக்கிழம வரைக்கும் என்னத்துக்கு? நீ இஞ்சயே இரி மக்கா."

நான்காவது தம்ளரோடு வந்த ஓமனா அதை மேஜையில் வைக்காமல் திரும்பிக் கதவுக் கொண்டியைப் பிடித்தாள்.

"அப்போ இனி கதவச் சாத்தட்டா சாரே? ரெண்டு மத்தியானமா நீங்க உறங்காம கெடந்தது, அந்தப் பிரிண்டருக்க பேரக் கண்டு பயந்தாக்கும்!"