என் மகளின் பிரஷரும் என் வாயும்

பிள்ளைக்கு ஒன்று என்றால் அம்மாக்கள்தான் பதறுவார்கள் என்று சொல்கிறவர்கள் என்னைப் பார்த்ததில்லை. பிள்ளை இரண்டு தடவை தும்மினால் ஆம்புலன்ஸுக்குப் போன் போடலாமா என்று யோசிக்கிற ரகம் நான்.

மகள் கவிதா பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட வாலிபால் அணிக்குத் தேர்வானாள். பயிற்சி முகாமுக்குப் போக டாக்டர் சான்றிதழ் வேண்டும். சங்கரன்கோவிலில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் நூத்தி நாப்பது காட்டுது. இந்த வயசுக்குக் கூடுதல்தான். ஆனா ஒரு தடவை பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரு வாரம் வீட்டுல காலையும் சாயந்தரமும் அளந்துட்டு வாங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

கவிதா சரியென்று தலையாட்டினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டது நான்தான். (பிரஷர் என்பது ரிட்டயர் ஆகிறவர்களுக்குப் பென்ஷனோடு சேர்த்துக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன்.)

அன்றே மெஷின் வாங்கினோம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், பேசக் கூடாது. இந்தப் 'பேசக் கூடாது' அவளுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாத மக்கா. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் இப்பல்லாம் மாத்திரை இருக்கு. உங்க பெரிய தாத்தா காலத்துலதான் இல்ல. பாவம், சாப்பிட்டுக்கிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு..."

மெஷின் நூற்று நாற்பத்து நான்கு காட்டியது.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம்தான் காரணம் என்று முடிவுகட்டி ஓடினேன்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் தறிய நிப்பாட்டுங்க. கவிதாவுக்கு பிரஷர் பாக்கணும்."

"பிள்ளைக்கா? என்ன வே சொல்லுதீரு! உமக்குன்னா நம்புதேன்."

தறியை நிறுத்தினார். எங்கள் தெருவில் பட்டப்பகலில் தறி நின்றால் துஷ்டி, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஆளாளுக்கு மாலையும் கையுமாக வந்துவிட்டார்கள். "நல்லாத்தானே திரிஞ்சா" என்று ஒரு பெண்மணி மூக்கைச் சிந்தினாள். அத்தனை பேருக்கு நடுவில் அளந்தோம். நூற்று ஐம்பது.

"ப்பா, நான் முகாமுக்குப் போகணும்ப்பா" என்றாள் கவிதா. அவள் கண் கலங்கியதும் நான் உப்பு டப்பாவைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நடுவில் நான் ஒரு விசேஷத்துக்காகக் கரிவலம்வந்தநல்லூர் போயிருந்த அன்று மட்டும் நூற்றுப் பதினான்கு வந்ததாம். மெஷின் கெட்டுவிட்டது என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வாரம் முடிந்து போனோம். டாக்டரம்மா எங்கள் மெஷினிலேயே அளக்கச் சொன்னார். நான் கவிதாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "காலை ஊனு. மூச்சு விடு. இவ்ளோ வேகமா விடாத. முகாம் போனாப் போகுது, உசுருதான் முக்கியம்" என்று தைரியம் சொன்னேன். நூற்று நாற்பத்தாறு.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நின்றேன். உள்ளே மெஷின் உறுமும் சத்தம் கேட்டது. பொறுக்கவில்லை. திரையை விலக்கித் தலையை நீட்டி, "எவ்வளவு?" என்றேன்.

"சார்! இப்பத்தான் இறங்கிக்கிட்டு இருந்துச்சு!"

பெஞ்சில் காத்திருந்த நோயாளிகள் மொத்தப் பேரும் சிரித்தார்கள். இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நர்ஸ் என்னைப் படியிறக்கி, தெருவில் விட்டுவிட்டுப் போனார்.

திரும்பக் கூப்பிட்டபோது மெஷினில் நூற்றுப் பதினாறு. கரிவலம்வந்தநல்லூர் சமாசாரத்தையும் கவிதா சொல்லிவிட்டிருந்தாள்.

"இன்னும் மூணு நாள் அளந்துட்டு வரட்டும். அளக்கும்போது நீங்க வீட்டுல இருக்கக் கூடாது."

"மருந்து ஏதாவது..."

"அதுதான் மருந்து."

மூன்று நாளும் காலையும் மாலையும் பஸ் ஸ்டாண்டில் போய் டீ குடித்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. கையெழுத்து விழுந்தது. கவிதா முகாமுக்குப் போனாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது பதற்றமில்லாமல் நடக்க வேண்டுமென்றாலும் முதலில் என்னை அனுப்பிவிடுகிறார்கள். பரீட்சை ரிசல்ட் பார்ப்பதானாலும் சரி, கேஸ் சிலிண்டர் மாற்றுவதானாலும் சரி. போன மாதம் பூனை குட்டி போட மூலையில் ஒதுங்கியது. மனைவி வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பூனைக்காகத் திறக்கிறாள் என்று நினைத்தேன். பூனை அசையவில்லை. அவளும் கதவை விடவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.