கடலுக்கு வந்த கண்டக்டர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஏழு பேர். பெற்றது ஐந்து, நாத்தனார் பிள்ளைகள் இரண்டு. எழுத்து என்றால் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆனால் பொம்மையார்பாளையத்தில் என் மீன்கூடைக்கு முன்னால் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது. அப்பேர்ப்பட்ட நான் சொல்கிறேன்: உலகத்திலேயே கடலுக்குக் கண்டக்டர் வேலை பார்த்த ஒரே மனுஷர் எங்கள் பிகிலு சார்தான்.

எண்பதுகளில் நடந்தது. பனிக்காலத்தில் கண் தெரியாமல் விசைப்படகுகள் கட்டுமரங்களின் மேல் ஏறிவிடும். ஆள் போய்விடும். அதைத் தடுக்க சர்க்கார் ஒரு திட்டம் போட்டு, திண்டிவனத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பியது. ஒல்லியான மனுஷர், கழுத்தில் விசில். பேர் என்னவோ இருந்தது. எங்களுக்குப் பிகிலு சார். கட்டுமரத்துக்கு ஒரு விசில் இலவசமாகக் கொடுத்தார். பனி மூடினால் நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு ஊத வேண்டும். 'இங்கே மீன் பிடிக்கிறோம், பார்த்துப் போ' என்று கடலில் அதற்கு அர்த்தமாம்.

அவர் தூக்கத்திலும் ஊதியிருப்பார். கல்யாணப் பந்தியில் ஊதிக் காட்டினார். பாயச வாளியோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தார். நீளமாக ஒன்று, டிரைவர் பிரேக் போட்டார், மல்லாட்டை மூட்டை சரிந்து வேர்க்கடலை கொட்டியது. சின்னதாக இரண்டு, வண்டி கிளம்பியது. பனைமரத்துக்குப் பனைமரம் நின்று நின்று போனது பஸ்.

"யோவ் சார், இந்த வண்டிக்குக் கண்டக்டர் நீயா, நானா?"

"கடல்ல உசுரு போவுதுப்பா!"

"இங்க என் வேல போவுது! எறங்கு ஜல்தி!"

அந்த பஸ்ஸில் என் வீட்டுக்காரரும் இருந்தார். வீட்டுக்கு வந்து விசிலைத் தூக்கிப் போட்டார்.

"பஸ்ல ஒண்ணு அடிச்சா நில்லு, ரெண்டு அடிச்சா போ. இந்தாளு 'நில்லு'ன்னு சொல்லிட்டு ஒடனே 'போ'ன்றாரு. எவன் கேப்பான்? அத்தக் கழுத்துல மாட்டிக்கினு போவ நான் இன்னா கண்டக்டரா?"

"கழுத்துல வேணாம், இடுப்புல கெடக்கட்டும்" என்று அரைஞாண் கயிற்றில் நானே கட்டிவிட்டேன். என் முடிச்சு. அவரால் அவிழ்க்க முடியாது.

மார்கழியில் ஒருநாள் காலை, பொழுது ஏறியும் பனி விலகவில்லை. என் வீட்டுக்காரர் கடலில் தனியாக இருந்தார். பிகிலு சார் அலையில் பேன்ட் நனைய நின்று, ஒன்றும் இரண்டுமாக ஊதிக்கொண்டே இருந்தார். கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர். எங்கேயோ ஒரு விசைப்படகின் சத்தம் நெருங்கி வந்தது. சட்டென்று நின்றுவிட்டது.

"மோதிடுச்சா சார்?" என்றேன்.

சார் வாயிலிருந்து விசில் நழுவியது.

பனியைக் கிழித்துக்கொண்டு படகு வந்தது. பின்னால் கயிற்றில் எங்கள் கட்டுமரம். அதன்மேல், பாய்த்துணியைப் புடவை மாதிரி சுற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர்!

படகு டிரைவர் அங்கிருந்தே கத்தினான்: "ஸ்டாப்பிங்கே இல்லாத எடத்துல எவன்டா விசில் அடிச்சதுன்னு ஆஃப் பண்ணேன். பாத்தா மூக்குக்கு முன்னால இந்தாளு!"

சார் தண்ணீரில் ஓடிப்போய் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார். "நீளமா ஒண்ணு, சின்னதா ரெண்டு ஊதினீங்களா?"

"ஒண்ணுதான் சார். பாக்கி ரெண்டையும் ஊதியிருந்தா வண்டிய எடுத்திருப்பான்."

"சரிய்யா, இது இன்னா கோலம்?"

"ஊதணும்னா கயித்த அறுக்கணும். அறுத்தேன், கோவணம் கடலோட போச்சு. இவ போட்ட முடிச்சு சார்!"

"இதுக்குத்தான்யா கழுத்துல மாட்டச் சொன்னேன்!" சார் மணலில் உட்கார்ந்து சிரித்தார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வருஷம் சாருக்கு மாற்றல். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும், என் வீட்டுக்காரர் தன் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினார். பஸ் நின்றது. சார் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னாய்யா?"

இவர் தலையைச் சொறிந்தார். கண்டக்டர் திட்ட ஆரம்பித்தார். அப்புறம் என் வீட்டுக்காரர் மெதுவாக, சின்னதாக இரண்டு ஊதினார். பஸ் போய்விட்டது.

சார் சொல்லிக்கொடுத்த ஒன்றும் இரண்டும் எங்கள் ஊர்க்காரர் ஊதி அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டது.

இந்தா கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின வரைக்கும் படிச்சுக் காட்டு. அந்தக் கடைசி ரெண்டு விசிலுக்கு முன்னால மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படி.