இல்லாத சளிக்கு எழுதிய மாத்திரை

டாக்டரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நோயைச் சொல்ல வருவதில்லை. என்ன மருந்து வேண்டும் என்று சொல்லத்தான் வருகிறார்கள். ஓசூரில் கிளினிக் திறந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது புரிந்துவிட்டது. அவர்களை எப்படிச் சமாளிப்பது என்பது மட்டும் புரியவில்லை.

அப்போது எனக்கு அறிவு கொஞ்சம் அதிகம் என்று ஒரு நினைப்பு. ஜூஜுவாடி போகும் வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கிளினிக். சாதாரணச் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முடிவு சரிதான். அதை நான் செயல்படுத்திய விதம்தான் கொடுமை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருகிறவரை உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் வைரஸுக்கு ஒரு முள்ளுருண்டையும் பாக்டீரியாவுக்கு ஒரு சின்னக் குச்சியும் வரைந்து வகுப்பெடுப்பேன். ஆளுக்குத் தகுந்தபடி தமிழில், தெலுங்கில், கன்னடத்தில். (கன்னடம் எனக்குச் சுமார். "இந்தக் கிருமிக்கு மருந்து வேண்டாம்" என்று சொல்ல நினைத்து, "இந்தக் கிருமிதான் மருந்து" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன்போல. அவர் அப்புறம் வரவே இல்லை.)

கம்பெனி யூனிஃபார்மோடு நேராக வருகிறவர்கள், "மேடம், நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். லீவு போட முடியாது. பவரா ஒண்ணு குடுங்க" என்பார்கள். நான் முள்ளுருண்டையைக் காட்டுவேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்வார்கள். சில நாளில் சளி தானாகப் போய்விடும். பேர் மட்டும் ஊசிக்குப் போகும்.

ஒருநாள் கீழே மருந்துக்கடை வைத்திருந்த முனிராஜ் படியேறி வந்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க சீட்டுல உப்புத்தண்ணி கொப்பளிக்கணும், ஆவி புடிக்கணும்னுதான் இருக்குது. நான் என்னங்க பண்றது, உப்பு மூட்டை எறக்கட்டுங்களா?"

இந்த நிலைமையில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் பிரபு. வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். மதுரைப் பக்கத்துக் குடும்பம். அப்பாவின் கம்பெனி வேலைக்காக வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை உத்தனப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. தக்காளிக்கு மருந்தடிக்கும்போதுகூட என் அப்பாவுக்கு ஒரே கவலை.

"பாப்பா, கிளினிக்ல கூட்டம் எப்படின்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அமைதியா இருக்குதுன்னு சொல்லுங்கப்பா" என்றேன்.

அந்த வாரத்தின் நடுவில் மாஸ்க் போட்ட ஒரு அம்மா கிளினிக்குக்கு வந்தார். மாம்பழக் கலரில் பட்டுப்புடவை. (இருமலுக்கு யாரும் பட்டு கட்டிக்கொண்டு வருவதில்லை. அதைக் கவனித்தேன். கவனித்து, வசதியான இடம் என்று மட்டும் முடிவுக்கு வந்தேன்.)

"பேரு என்னங்கம்மா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "மாலதி" என்றார். பிறகு ஞாபகம் வந்தவர்போல இருமினார்.

"எத்தனை நாளா இருமலுங்க?"

"அது கிடக்குது. உனக்குச் சொந்த ஊரு எதும்மா? சமையலெல்லாம் வருமா?"

அன்பான பேஷண்ட் என்று நினைத்து, ரசம் நன்றாக வைப்பேன் என்று பதில் வேறு சொன்னேன்.

காய்ச்சல் இல்லை. தொண்டை சுத்தமாக இருந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன். புது மின்விசிறி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது நுரையீரல்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா. வெந்நீர் குடிங்க, சரியாயிடும்."

அந்த அம்மாவின் கண்ணில் கலவரம். "மாத்திரை தரமாட்டியா? எல்லா டாக்டரும் பெரிய மாத்திரையா அஞ்சு நாளைக்குத் தருவாகளே."

பலகைப் பக்கம் திரும்பி மார்க்கரை எடுத்தேன். மை தீர்ந்திருந்தது. கதவு பாதி திறந்திருந்ததில், வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இந்த அம்மாவும் எழுந்து பக்கத்துத் தெருவுக்குப் போவார், அவர்களும் பின்னாலேயே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்ன சொல்வார்? எனக்கு அலுத்துப்போயிற்று.

இன்னொரு தடவை முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இப்போது ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது. (ஹைவேயில் போன கம்பெனி பஸ்ஸாகக்கூட இருக்கலாம்.)

"லேசா நெஞ்சுல சளி இருக்குதுங்கம்மா" என்றேன், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு.

அந்த அம்மா வெலவெலத்துப் போனார். "நெசமாவா? நெசமாவே இருக்கா?"

"ஆமாங்க. நல்லவேளை இப்பவே வந்தீங்க."

ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தேன். கீழே முனிராஜ் அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று பிற்பாடு கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பிரபு, அவருடைய அப்பா, பெரியப்பா, அம்மா. நான் காபியோடு வந்து நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்க் இல்லை. மாம்பழக் கலர் பட்டுப்புடவை இருந்தது.

காபியை முதலில் அவருக்கே நீட்டினேன். என் அப்பா எதுவும் தெரியாமல், "பொண்ணை நீங்க இப்பத்தான் மொதல்ல பாக்கறீங்க" என்று பேச்சை ஆரம்பித்தார்.

"நான் முன்னாடியே பார்த்துட்டேன்ல" என்றார் பிரபுவின் அம்மா. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிள்ளை எப்படின்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வருவோம்னு, மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு இருமுற மாதிரி போனேன். மாத்திரை வாங்காம வந்தா சந்தேகப்பட்டுருமேன்னு கேட்டும் வாங்கினேன். எனக்கு ஒரு நோயும் கிடையாது. ஆனா இந்தப் புள்ள குழாயை வச்சுப் பார்த்து, உள்ள கிடந்த சளியைக் கண்டுபிடிச்சிருச்சு. எனக்கே தெரியாத சளி."

அறையில் இருந்த எல்லாரும் என்னைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். என் அப்பா நாற்காலியில் கொஞ்சம் அகலமானார். பிரபுவின் அம்மா மட்டும் சட்டென்று எழுந்து, "பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வேகமாக உள்ளே போனார்.

"மருந்து வேலை செய்யுதுல்ல" என்று பெரியப்பா எங்களுக்கு விளக்கினார். "மாத்திரை போட்டதுலேருந்து இப்படித்தான். சளி பூராம் கீழ எறங்குது. கைராசியான புள்ள." பிறகு எனக்காக ஒருமுறை இருமிக் காட்டினார். "எனக்கும் அதே மாத்திரையை எழுதிக் குடும்மா."

பிரபுவின் அப்பா, வீட்டில் எப்போதும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதச் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரிதான். மூடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். முகம் வாடி, உதடு காய்ந்திருந்தது. இன்னும் மாத்திரை மிச்சம் இருக்கிறது, பக்தியோடு போட்டு முடிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

"அத்தை" என்றேன். யாரும் அனுமதி கொடுப்பதற்கு முன்பே அந்த வார்த்தை வந்துவிட்டது. "அந்த மாத்திரையை இனிமே போடாதீங்க."

"ஏன் தாயி? கோர்ஸை முடிக்கணும்பாகளே."

"நோய் இருந்தாத்தான் கோர்ஸுங்க. உங்களுக்குச் சளி இல்லீங்க. அன்னிக்கும் இல்ல. நீங்க கேட்டீங்கன்னு நானா இருக்குதுன்னு சொல்லிட்டேன். வயிறு கெட்டதும் அந்த மாத்திரையாலதான்."

பெரியப்பாவின் இருமல் அந்த நிமிஷமே குணமானது. என் அப்பா ஜன்னல் வழியாகத் தக்காளித் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிரபு தலையைக் குனிந்திருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

பிரபுவின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உள்ள சளியே இல்ல."

"இல்லீங்க."

"நான் இருமுனதை நீ நெசம்னு நம்பிட்ட."

"ஆமாங்க, அத்தை."

அவர் மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீகளா? உனக்கு நடிப்பு வராது, போனதும் பிடிபட்டுருவேன்னு சொன்னீகளே. டாக்டரையே நம்ப வச்சிருக்கேன்."

பிரபு அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்தது. நான் சமையலறைக்கு ஓடிப்போய் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொண்டுவந்தேன். வருங்கால மாமியார் என் கையால் முதன்முதலில் குடித்தது அதைத்தான். குடித்துவிட்டு, ரசம் எப்படி என்று கல்யாணத்துக்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் அப்பா அப்போதுதான் தோட்டத்திலிருந்து பார்வையைத் திருப்பினார்.

அதன்பிறகு நான் வகுப்பெடுப்பதை விட்டுவிட்டேன். இப்போது முதலில், "உங்களுக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்கிறேன். சிலருக்கு நிமோனியா பயம், சிலருக்கு லீவு பயம். நன்றாகப் பரிசோதித்து, பார்த்ததை வாய்விட்டுச் சொல்கிறேன்: தொண்டை லேசாகச் சிவந்திருக்கிறது, நெஞ்சு சுத்தம், இருமல் அடங்கக் கொஞ்ச நாள் ஆகும், காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வாருங்கள். பெரும்பாலானவர்கள் மாத்திரை கேட்பதே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு எழுதுகிறேன், தயங்காமல். கூட்டமும் மெல்ல மெல்ல வந்தது.

அத்தைக்குத்தான் புகழ் ஜாஸ்தி. மதுரைப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், டாக்டரை ஏமாற்றிய அந்த இருமலை ஒருமுறை இருமிக் காட்டச் சொல்லி உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவரும் சளைக்காமல் செய்துகாட்டுவார்.

போன மாதம் அவருக்கு நிஜமாகவே சளி பிடித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாண வீட்டுல இருமிக் காட்டுன அளவுக்கு இல்லையே" என்றார். "அது இன்னும் நெசமா இருந்துச்சு."