மேனேஜருக்கு ஓட்டம், எனக்கு நோட்டம்

அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். இனி என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஓர் ஈ கூட இறக்கை அசைக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. என் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க நல்லா தூங்குங்க" என்று சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வாக்கியம்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழை பார்த்துப் பிழைக்கிறவன். ஒரு வாக்கியம் வழுவழுவென்று இருந்தாலே, எங்கேயோ வழு இருக்கிறது என்று என் மூக்கு சொல்லிவிடும்.

விஷயம் எங்கள் நாயைப் பற்றியது. பெயர் மேனேஜர். பகலெல்லாம் தூங்கும். யாராவது வந்தால் குரைக்கும். மறுபடி தூங்கும். வேறு பெயர் பொருந்தவில்லை. "உடம்பு போட்டுருச்சு, சைக்கிள் கூடவே ஓட விடுங்க" என்றார் நாய் டாக்டர். அந்தப் பொறுப்பை முதலில் ஏற்றவன் நான்தான். கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டினேன். மேனேஜர் ஒரு பூனையைப் பார்த்தது. அடுத்த கணம் நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஹேண்டில்பார்ல யாராவது நாயைக் கட்டுவாங்களா?" என்றாள் மனைவி, என் முழங்கையில் மருந்து தடவியபடி.

"பின்ன எங்க கட்டறதாம்?"

"எதை எங்க கட்டறதுன்னு தெரியாதவரைத்தானே நான் கட்டிக்கிட்டேன். நகருங்க."

அவள் தையல்காரி. கழுத்து இறுகாதபடி நெஞ்சைச் சுற்றி வரும் பட்டை ஒன்றைத் தானே தைத்தாள். சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வைத்த கம்பி ஒன்றை மாட்டினாள். நாய் திமிறினால் இழுப்பை ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும், சைக்கிள் சாயாது. வண்டிகள் போகாத ஓரத்துப் பக்கம்தான் நாய் ஓட வேண்டும். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். எல்லாம் தார் ரோடு சூடேறுவதற்கு முன்.

"நானும் கூட வரேனே?"

"எதுக்கு? நீங்க நல்லா தூங்குங்க."

அங்கேதான் மூக்கு அரித்தது.

மறுநாள் அவள் தெருமுனை திரும்பியதும் போர்வையை உதறிவிட்டுப் பின்தொடர்ந்தேன். சைக்கிளைப் பின்தொடர்வது என்றால் ஓட வேண்டும். ஓடினேன். துப்பறிகிறவன் மூட்டுவலி பார்க்க முடியுமா?

பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே இருந்தது. எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அவள் நின்றாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள்! மைதானத்து பெஞ்சில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். யாருக்கோ அடையாளம்! தடயத்தை அழிக்க நானே குடித்துவிட்டேன். மறுநாளும் ஒரு பாட்டில் இருந்தது. அதையும் அழித்தேன்.

வீட்டுக்கு வந்து மெல்ல விசாரணையைத் தொடங்கினேன்.

"வழியில யாரையாவது பாத்தியா?"

"எதிர் வீட்டு நர்ஸ் அக்காவை. ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

"கனவுல ஓடினேன்."

"நல்ல கனவா?"

"நீ ஏன் சிரிக்கிற?"

"சிரிக்கக்கூட கூடாதா?"

கேள்விக்குக் கேள்வி. குற்றவாளிகளின் வழக்கம்.

வாரங்கள் ஓடின. அவற்றோடு நானும் ஓடினேன். அவள் தூரத்தைக் கூட்டினாள். நான் விடவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. பெண்டாட்டி மேல் சந்தேகம் வந்தால் மனுஷன் இளைக்கத்தானே செய்வான் என்று எனக்கு நானே இரங்கிக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் காட்சி. மேனேஜர் நாக்கைத் தொங்கப் போட்டதும் மைதானத்து ஓரமாக நிறுத்தினாள். அதன் பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் வைத்தாள். கம்பியிலிருந்து கழற்றி, பெஞ்சில் இருந்த நர்ஸ் அக்கா கையில் கயிற்றைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறினாள். தனியாக!

நாயே இல்லாமல் நாயை ஓட்டுகிறாளா? பிடித்துவிட்டேன் பிழையை! புதர் மறைவில் குனிந்தபடி ஓடினேன். அவள் மைதானத்தைச் சுற்றினாள். நானும் சுற்றினேன். மறுபடி சுற்றினாள். ஓர் ஈ காக்கை கூட எதிரில் வரவில்லை. மேனேஜர் மட்டும் படுத்த இடத்திலிருந்தே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கடைசியில் அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு ஒரு சுத்து கூட போல?" என்றார் நர்ஸ் அக்கா.

"ஆமாக்கா. மூச்சு வாங்கறது குறைஞ்சிருக்கு. அதான் கூட்டிட்டேன்."

"நாய்க்கா?"

"அதுக்கு இவ்வளவு போதும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் சொல்றது மரத்துக்குப் பின்னால நிக்கிறாரே, அவரை. திரும்பிப் பாக்காதீங்க, வெக்கப்படுவார்."

மரத்தோடு சேர்ந்து எனக்கும் வேர் விட்டது.

"வாக்கிங் போங்கன்னு எவ்வளவு கெஞ்சினேன்! மூட்டுவலின்னார். இப்ப பாருங்க, மான் மாதிரி ஓடறார்."

"எப்படிம்மா சமாளிக்கிற? நாய்க்கே பட்டை, கம்பி, ஸ்பிரிங்குன்னு அத்தனை வேண்டியிருக்கு!"

"இவருக்குக் கயிறே வேண்டாம்க்கா," என்றாள் என் மனைவி. "சந்தேகம் ஒண்ணு போதும்."