ரோமாபுரிக்காரி

"தம்பி, புள்ளைக்குக் காது எங்க?"

அக்கா மணிமொழி போனில் கேட்டாள். முத்தமிழ்செல்வன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். காது இல்லை.

"சுவர்ல காரை பேந்துருக்குக்கா. அந்த எடத்துலதான் காது இருந்துச்சு."

"எந்தச் சுவர்ல?"

"ரோமாபுரிச் சுவர்ல."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நடக்கப்போறது காதுகுத்துடா."

ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையத்தில் அவள் மகள் மேகலாவுக்குக் காதணி விழா. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மண்டப வாசலில் பேனர் வைப்பதும் தாய்மாமன்தான். அந்தத் தாய்மாமன் முத்தமிழ்செல்வன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். கும்பகோணத்தில் ஐந்து வருடம் ஓவியம் படித்தவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எட்டு வருடமாக மணமக்களுக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மடி அவனுக்குச் சும்மா கிடைக்கவில்லை. மனைவி சுகன்யா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்த நல்ல காரியத்திலும் அவனை முன்னால் நிறுத்தவில்லை. அவனுடைய சித்தப்பா மகன் பிரசாத் குரும்பலூரில் இருக்கிறான், ஜோடியாக வந்து உட்காருவான், அவன் மடியே போதும் என்றார் மணிமொழியின் மாமியார் புஷ்பவல்லி. மணிமொழி இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டு வாங்கிய மடி அது.

பேனருக்கும் புஷ்பவல்லி சட்டம் போட்டிருந்தார். பங்காளிகள் மேல் வரிசையில். பெரியவர்கள் படம் பெரிதாக. சிங்கம் ஒன்று கட்டாயம். "போனவங்க படம் ஒண்ணுகூட வரக் கூடாது. எங்க வூட்டுக்காரரு படத்தையே வேணாம்னுட்டேன். நல்ல காரியம் பாரு."

சொந்த அக்கா மகளுக்காவது நீர்வீழ்ச்சி வேண்டாம் என்று முத்தமிழ்செல்வன் முடிவு செய்தான். எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த ரோமாபுரி வீடுகளில் சுவர் ஓவியங்கள் உண்டு. நூறு வருடத்துக்கு முன் முகத்தை உடைத்து, நேர்ப்பார்வையையும் பக்கப்பார்வையையும் ஒன்றாக ஒட்டி, ஊரிடம் திட்டு வாங்கிய ஓவியர்களும் உண்டு. இரண்டையும் கலந்து குடும்பத்தை அதில் நிறுத்து என்று ஏஐ-யிடம் கேட்டான். பன்னிரண்டு போட்டோக்களை ஏற்றினான்.

முதல் தடவை 'ரோம ஓவியப் பாணி' என்று தமிழில் கேட்டதுதான் தப்பு. அது ரோமம் என்று எடுத்துக்கொண்டது. நெற்றி முதல் முழங்கை வரை எல்லோருக்கும் முடி. மணிமொழியின் கணவர் மதுரைவீரனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அவர் மட்டும் உடனே கூப்பிட்டார்.

"மாப்ள, இதுவே நல்லாத்தானே இருக்கு. இதையே அடிச்சுருவோம்."

அவன் மறுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் எதையும் பாராட்டவில்லை.

இரண்டாவது படம்தான் இப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் போய் உட்கார்ந்திருந்தது. காதில்லாமல்.

காதைக் கொடு என்று ஏஐ-யிடம் கேட்டான். கொடுத்தது. மூன்று கொடுத்தது. ஒன்று கன்னத்தில்.

"இதுல எத ஆசாரிகிட்ட காட்டுறது?" என்றாள் மணிமொழி.

அடுத்த போன் வைத்திலிங்கத்திடமிருந்து. மதுரைவீரனின் சித்தப்பா. பெரிய மனிதர்.

"தம்பி, எனக்கு எத்தன மூஞ்சி?"

"ஒண்ணுதான் மாமா. நேராப் பாக்குறதையும் சைடுல பாக்குறதையும் சேத்து வச்சிருக்கு. அது ஒரு பாணி."

"அப்ப நான் ரெண்டு மூஞ்சிக்காரன்ங்கற."

"ஐயோ, இல்ல மாமா."

"கெணத்து விஷயத்த உங்கிட்ட எவன் சொன்னான்?"

"எந்தக் கெணறு?"

போன் துண்டிக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் மதுரைவீரன் கூப்பிட்டார்.

"மாப்ள, எந்தக் கெணறு?"

அதைச் சமாளிப்பதற்குள் புஷ்பவல்லி. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எம்மருமவள வெள்ளைச் சேலையில நிக்க வச்சிருக்க. நெத்தியில பொட்டு இல்ல. எம்மவன் என்ன செத்தா போயிட்டான்?"

"நான் இங்கதாம்மா இருக்கேன்" என்று பின்னால் மதுரைவீரன் குரல்.

"ரோமாபுரியில அப்பிடித்தான் உடுத்துவாங்க அத்தை."

"அப்ப ரோமாபுரியிலயே போயி காது குத்திக்கங்க."

வெள்ளையை எடுத்தான். சுவர் நிறம் தூக்கலாகத் தெரிந்தது. பழைய ரோமாபுரிச் சுவர்கள் சிவப்பும் கறுப்பும். மதுரைவீரன் பதறினார். "கட்சி பேனர் மாதிரி இருக்கு மாப்ள. மண்டபத்துக்காரரு எதிர்க்கட்சி. கரண்ட்ட நிறுத்திப்புடுவாரு." சுவரைப் பச்சையாக்கினான். இப்போது ஆண்கள் தலையில் இருந்த இலைக் கிரீடம் எடுப்பாகத் தெரிந்தது. "எம்மவனுக்கு எதுக்கு வேப்பிலை அடிச்சிருக்கான்? பேயா புடிச்சிருக்கு?" என்று புஷ்பவல்லி. இலைகளைக் குறை என்று ஏஐ-க்குச் சொன்னான். குறைத்தது. தலைக்கு இரண்டு இலை வைத்தது.

"இப்ப மண்டபத்துக்காரருக்குப் புடிக்கும்" என்றார் மதுரைவீரன். "எங்க சித்தப்பா வூட்டுக்குள்ளயே வர மாட்டாரு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்தமிழ்செல்வன் எல்லாவற்றையும் அழித்தான். எரிச்சலில் எலிப்பொறியை மூடுவதுபோல் லேப்டாப்பை மூடினான், பிறகு வேறு வழியில்லாமல் திறந்தான். நீர்வீழ்ச்சி வைத்தான். சிங்கம் வைத்தான். பதினோரு பேருக்கும் பாஸ்போர்ட் போட்டோ, சுற்றிலும் ரோஜா. வரிசை பிசகக் கூடாது என்பதால் ஒவ்வொரு பெயருக்கும் மேலே உறவுமுறையையும் சரியாக அடித்தான்.

கீழே இடது மூலையில் மட்டும் ஒரு ஜாண் ரோமாபுரிச் சுவர். அதில் ஒரு பெண்.

பிரிண்ட் போடும் அசோக் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்கு மூஞ்சி முழுக்க ஒடஞ்சு கெடக்கு. காது ஒண்ணுதான் முழுசா இருக்கு. கம்மலுக்கு மேல ஏதோ புள்ளி வேற. கறையா? எடுத்துரவா?"

"இருக்கட்டும்."

"பிரிண்ட்டுல தெரியும்ணே."

"தெரியட்டும்."

சனிக்கிழமை காலையில் பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். அரியலூரில் மாறினான். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து உடையார்பாளையம் போய்ச் சேரப் பதினோரு மணி. முந்திரி காயப்போடும் களத்தில் பேனரை விரித்தார்கள். குடும்பம் சுற்றி நின்று பார்த்தது. வைத்திலிங்கம் தன் முகத்தை எண்ணிப் பார்த்துத் திருப்தியானார். சிங்கத்தைப் புஷ்பவல்லி ஏற்றுக்கொண்டார். பிறகு மூலைக்கு வந்தார்.

"இது யாரு?"

"ரோமாபுரிக்காரி."

"சொந்தக்காரவங்க பதினோரு பேரு. இந்தப் பன்னண்டாவது யாருன்னு கேக்குறேன்."

"யாரும் இல்லத்தை. பழைய ஓவியம்."

"எத்தன பழசு?"

"ரெண்டாயிரம் வருஷம்."

"அப்ப செத்துட்டாளா?"

முத்தமிழ்செல்வன் குனிந்து அந்த மூலையின் மடிப்பை நீவிவிட்டான்.

"செத்துட்டாங்க அத்தை."

"போனவங்க படம் வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்! என் புருஷனையே வேணாம்னேன். எவளோ ஊரு பேரு தெரியாதவ வந்து நிக்கிறா."

"மூஞ்சியே இல்லியே" என்றார் வைத்திலிங்கம். "செதறு தேங்கா ஒடச்சாப்புல இருக்கு. புள்ளைங்க பாத்தா பயந்துக்கும்."

"பயப்பட என்ன இருக்கு அதுல?" முத்தமிழ்செல்வன் குரல் எழும்பியது.

மதுரைவீரன் சமாதானத்துக்கு வந்தார். "மாப்ள, மத்ததெல்லாம் சொல்லச் சொல்ல எடுத்துட்ட. இத எடுக்க என்ன?"

"அதான் எடுத்துட்டேன்ல மச்சான், எல்லாத்தையும்? நீர்வீழ்ச்சி வச்சேன். சிங்கம் வச்சேன். மண்டபத்துக்காரரு கட்சிக்காக சுவர மாத்துனேன். அஞ்சு வருஷம் படிச்சிருக்கேன். ஒரு ஜாண் எடம் எனக்குன்னு வச்சுக்கிட்டேன். அதுவும் ஒங்களுக்கு வேணுமா?"

புஷ்பவல்லி இடுப்பில் கை வைத்தார்.

"ஒரே பேச்சு. அவ நிக்கணும்னா நீ மடியில புள்ளைய வாங்க வேணாம். பிரசாத்த வரச் சொல்றேன். படமா, மடியா?"

களத்தில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மணிமொழி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"படம்" என்றான்.

மணிமொழிக்குக் கோபத்தில் வார்த்தை வரவில்லை. வந்தபோது நிறைய வந்தது.

"உனக்காக ரெண்டு நாளு பட்டினி கெடந்தேன்டா நான். ஒரு பொம்மைக்காக எம்புள்ளைய வேணாங்கற. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடா? அவ போனப்பகூட ஒரு சொட்டு கண்ணீர் வுடல நீ. கல்லு மாதிரி நின்ன. ஊரே சொல்லுச்சு."

அவன் பேனரைச் சுருட்டினான்.

வேறு பேனர் அடிக்க நேரமில்லை. மதுரைவீரன்தான் வழி கண்டுபிடித்தார். வாசலில் கட்டும் வாழை மரத்தில் ஒன்றை அந்த மூலைக்கு முன்னால் நிறுத்திவிட்டால் போயிற்று. சாயங்காலம் பந்தல்காரர் அப்படியே கட்டினார். இலை முகத்தை முழுவதும் மறைத்தது. ஓரத்தில் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது.

"காதுதானே" என்றார் மதுரைவீரன். "காதுகுத்து வீடு. இருந்துட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பிரசாத் மனைவியோடு பைக்கில் வந்து இறங்கினான். பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ். பேனரில் தன்னைத் தேடினான். கண்டுபிடித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

"எவன்டா இத அடிச்சது?"

பெயருக்கு மேலே 'ஒன்றுவிட்ட தாய்மாமன்' என்று இருந்தது.

"அது சரிதானேப்பா" என்றார் மதுரைவீரன். "நீ மணிமொழிக்குச் சித்தப்பா மவன். ஒண்ணுவிட்ட மாமன்தானே."

"உண்மைய எவனாச்சும் பேனர்ல போடுவானா? ஊரு கூடுற எடத்துல என்னைய ஒண்ணு வுட்டுட்டு நிக்க வச்சிருக்கான்! என் மாமனார் வூட்டு ஆளுங்கல்லாம் வர்றாங்க. ஏறுடி வண்டியில."

"பந்தியிலயாவது உக்காந்துட்டுப் போங்களேன்" என்றார் மதுரைவீரன்.

"அதுவும் ஒண்ணுவிட்ட பந்தியா?"

பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நல்ல நேரம் முடிய இருபது நிமிடம். புஷ்பவல்லி வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் வேறு யாரும் இல்லாததால் முத்தமிழ்செல்வனைப் பார்த்தார். அவன் வாழை மரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றான்.

"வந்து உக்காரு" என்றார். "வேற என்ன செய்றது, தலையெழுத்து."

அவன் மணையில் உட்கார்ந்தான். பக்கத்து மணை காலியாக இருந்தது. மேகலாவை மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். மணிமொழி அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினாள்.

காது குத்த அரியலூரிலிருந்து தங்கசாமி ஆசாரி வந்திருந்தார். அறுபது வயது. வரும்போதே வாசலில் பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, குனிந்து, மூலையையே பார்த்தார். புஷ்பவல்லிக்கு உள்ளேயிருந்தே அது தெரிந்தது.

"பாத்தியா, வெளியூரு ஆளு மொகம் சுளிக்கிறாரு. அந்த ரோமாபுரிக்காரிதான். இலைய மீறித் தெரியிறா."

ஆசாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். கையைத் துடைத்தார். வலது காது. மேகலா வீரிட்டாள். இடது காது. மண்டபமே வீரிட்ட மாதிரி இருந்தது. முத்தமிழ்செல்வன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டான். முடிந்தது. கற்கண்டை வாயில் போட்டதும் அழுகை பாதியில் நின்றது.

ஆசாரி கம்பியைத் துணியில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

"வாசல்ல வாழைக்குப் பின்னால ஒரு பொண்ணு படம் இருக்கே, அது யாருங்க?"

"நான் சொல்லல?" புஷ்பவல்லி எழுந்துவிட்டார். "கேளுங்க ஆசாரி, நல்லாக் கேளுங்க. இவன்தான் வச்சான். அது யாருன்னு இவனுக்கே தெரியாது."

முத்தமிழ்செல்வன் குழந்தையின் தலையில் இருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியுமேம்மா" என்றார் ஆசாரி. "அது நான் குத்துன காது. ரெண்டு வருஷம் இருக்கும், ரெண்டாவது ஓட்டை போடணும்னு பட்டறைக்கு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்ததுல கை நழுவி கோணலா மேல ஏறிப்போச்சு. 'வுடுங்கண்ணே, என் வூட்டுக்காரரு படம் வரையறவரு, அவரு கண்ணுக்கு மட்டுந்தான் இது தெரியும்'னுச்சு. பந்தியில இருந்தா கூப்புடுங்க, இன்னிக்கு நேராக் குத்திவுட்டுடுறேன்."