கரடிக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு

மனைவியின் பெரியப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "சும்மா இருக்கிறவன் வீட்டுக்கு மட்டுந்தான் பாரம். அவன் கையில ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாரு..." அதற்குமேல் என்ன வரும் என்பது ஒருங்கிணைப்பாளருக்கு மறந்துவிட்டது. நல்லவிதமாகத்தான் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்து, சோபாவிலேயே குடியிருந்தவருக்கு விலங்குக் காட்சிசாலையில் பதவி கிடைத்திருந்தது. 'விலங்கின மனவளச் செறிவூட்டுப் பொருள் தயாரிப்புத் தன்னார்வலர் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்.' கழுத்தில் தொங்கும் அட்டையில் இது அடங்காததால் இரண்டு அட்டை கொடுத்தார்கள்.

வேலை என்னவோ எளியதுதான். அடைபட்ட விலங்குக்குப் பொழுது போகாது. ஒரு அட்டைப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து, நடுவே கொஞ்சம் பழத்தை ஒளித்து வைத்தால், மோந்து பார்த்து, கிழித்து, தேடித் தின்னும். அப்படிப் பெட்டி செய்ய ஆர்வத்தோடு வருகிறவர்களைப் பழக்க வேண்டும். முக்கியமாகக் கரடிக்கு. அது விடிந்தது முதல் சுவரோரமாகப் போவதும் திரும்புவதுமாகவே இருந்தது.

"கரடியோட நடை குறைஞ்சா உங்க வேலை நிரந்தரம். குறையலைன்னா என்னைத் தப்பா நினைக்கக்கூடாது," என்றார் இயக்குநர்.

மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "மறுபடி சோபாவுக்கு வந்துடாதீங்க."

பெட்டி செய்வதை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் ஒருங்கிணைப்பாளர் எதற்கு? ஆகவே முதல் வகுப்பில் 'பெட்டி: ஓர் அறிமுகம்' நடந்தது. அடுத்ததில், விலங்கு விழுங்கிவிடாமலிருக்கப் பெட்டியின் டேப்பை உரிப்பது பற்றிய கோட்பாடு. எல்லோருக்கும் பச்சை பனியன் வந்தது. பனியனோடு எடுத்த படங்கள் உலகமெல்லாம் போயின.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் எழுந்தார். "டேப்பை உரிச்சாலும் பசை ஒட்டியிருக்குமே சார்?"

வகுப்பே அதை நோட்டில் குறித்துக்கொண்டது. அவர் தலைமையில் பசைத் துணைக்குழு அமைந்தது.

கரடியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் கரடியக்கா என்பார்கள். அவர் வாசலில் வந்து நின்றார்.

"சார், இன்னைக்காவது ஒரு பெட்டி கிடைக்குமா?"

"தகுதி பெறாதவங்க செஞ்ச பெட்டியை எப்படிக்கா கொடுக்கிறது?"

"தகுதி எப்ப வரும்?"

"பரீட்சை முடிஞ்சதும்."

"பரீட்சை எப்ப?"

"பசைத் துணைக்குழு அறிக்கை கொடுக்கணும்."

"கரடிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நடவடிக்கையில இருக்குன்னு சொல்லுங்க."

இந்த நேரம் பார்த்து வகுப்பறைக் கூரை ஒழுகியது. வகுப்பைக் கரடியின் கண்ணாடிச் சுவருக்கு எதிரே மாற்றினார்கள். பல் டாக்டர் டேப்பை உரித்தார். அது சட்டைக் கையில் ஒட்டியது. அதை உரிக்கப் போன ஒருங்கிணைப்பாளரின் இரண்டு அட்டைகளும் அதில் மாட்டிக்கொண்டன. இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கரடி நின்றது. பார்த்தது. பிறகு வசதியாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாளும் உட்கார்ந்தது. செய்தி கேட்டு இயக்குநரே ஓடி வந்தார்.

"பிரமாதம்! என்ன பொருள் கொடுத்தீங்க?"

"இன்னும் எதுவும் கொடுக்கலை சார்."

"அப்புறம் எதைப் பார்த்து இப்படி உட்கார்ந்திருக்கு?"

"இவங்களைத்தான்," என்றார் கரடியக்கா.

மாலையே ஆணை வந்தது. மேற்படி பயிற்சி வகுப்பே செறிவூட்டுப் பொருளாகக் கருதப்படும். அப்பொருளின் பிரதான பாகமாக ஒருங்கிணைப்பாளர் பதிவு செய்யப்படுகிறார். பொருள் இருக்கும்வரை வேலையும் இருக்கும். மனைவி சோபாவின் உறையை மாற்றினாள்.

வகுப்பு முடிந்தால் கரடி நடக்கும். ஆகவே யாரும் தேறக்கூடாது என்றாயிற்று. கவனக்குறைவாகப் பெட்டி செய்யக் கற்றுக்கொண்டுவிட்ட ஓர் அம்மாளை மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார்கள். கணக்குப் பிரிவு தன் கூட்டத்தை முள்ளம்பன்றிக்கு எதிரே நடத்தத் தொடங்கியது. இயக்குநர் தம் ஆய்வுக் கூட்டத்தைக் குரங்குகளிடம் கொண்டுபோனார். குரங்குகள் சற்று நேரம் கேட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை, வகுப்பின் நடுவே கரடி கொட்டாவி விட்டது. எழுந்தது. சுவரோரம் நடக்க ஆரம்பித்தது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "சலிச்சுப்போன பொருளைப் பத்தி விதி என்ன சொல்லுது?"

"உடனே அகற்றணும் சார். இல்லைன்னா வாசனை, சத்தம், தோற்றம் இதுல ஏதாவது மாத்தி வைக்கணும்."

"யார் எழுதின விதி?"

"நான்தான் சார்."

"ரொம்ப நல்ல விதி. திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கலாம்."

வெளியே கரடியக்கா காத்திருந்தார். கையில் ஒரு காலிப் பெட்டி.

"சார், வைக்கோல் இருக்கு, பழம் இருக்கு. நீங்க ம்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே போட்டுடறேன். சாயங்காலம் வரைக்கும் அதுக்கு வேலை இருக்கும்."

"அதுக்கு இருக்கும்க்கா. எனக்கு?"

கரடியக்கா பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் கரடி சுவர்வரை போய்த் திரும்பியது. ஒருங்கிணைப்பாளர் பெட்டியைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார், கண்ணாடியில் தெரிந்த தன்னையும் பார்த்தார்.

மீசையை எடுத்துவிடுவதென்றும், மவுத் ஆர்கன் வகுப்பில் சேருவதென்றும் முடிவு செய்தார்.