வராதவருக்கு வைத்தியம்

"ராத்திரியில இந்த மனுஷன் என்ன, கருங்கல்லையா மெல்லுறாரு?"

பல் மருத்துவர் இதை உதவியாளரிடம்தான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பவருக்குக் காது திறந்துதானே இருக்கும்? கேட்டுவிட்டது. அது போகட்டும். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கும் கேட்டுவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல். தூக்கத்தில் நறநறவென்று கடித்ததில் வந்தது.

"நான் உறை போட்டு விடலாம்," என்றார் மருத்துவர். "ஆனா நீங்க கடிக்கிறதை நிறுத்தலேன்னா இது உடையும். அப்புறம் பக்கத்துப் பல்லு. உங்களுக்கு உள்ளே ரொம்ப நாள் அழுத்தம் இருக்கு. அதுக்கு என்கிட்ட கருவி கிடையாது. ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க."

அழுத்தம் இல்லாமல் எப்படி? சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஊரில் எந்த இயந்திரம் ஒழுகினாலும் அவர் காதில்தான் ஒழுகும். "மன்னிக்கணும் மேடம்", "மன்னிக்கணும் சார்" என்று நாள் முழுக்கச் சொல்லி, அலுவலகத்தில் அவருக்கு 'மன்னிக்கணும்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. சரக்கு தீர்ந்திருக்கும். குழாய் சொட்டுகிறது, குடைப்பிடி உடைந்துவிட்டது என்று மனைவி எதைச் சொன்னாலும், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டோம்" என்பார். பதிவோடு சரி.

மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. கடிக்கிற பிள்ளை, கிள்ளுகிற பிள்ளை, தரையில் உருளுகிற பிள்ளை எல்லாரையும் மேய்த்தவள். அன்றைக்கே ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. வாராவாரம் போகணும்."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யாருங்க சொன்னா? பல்லுன்னுதானே சொன்னாங்க."

"முன்னபின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட போய் என் கஷ்டத்தையெல்லாம் கொட்டச் சொல்றியா?"

"முன்னபின்ன தெரியாதவங்கதானே தினமும் உங்ககிட்ட கொட்டுறாங்க?"

அவரிடமிருந்து நறநற என்ற சத்தம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை புறப்பட்டார். ஆலோசகரின் கட்டடத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே கால் நின்றுவிட்டது. அங்கே ஒரு பெரிய சோபாக் கடை. "உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று விற்பனையாளரிடம் சொல்லி ஒரு மெத்தென்ற சோபாவில் உட்கார்ந்தவர், கடைசிவரை உட்கார்ந்தே பார்த்தார். அந்தச் சோபா கொடுத்த சுகத்தில்தான் அபாரமான யோசனை ஒன்று பிறந்தது.

"என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டபடியே வீட்டு வாசலில் மனைவி அவர் முதுகிலிருந்து எதையோ எடுத்துப் போட்டாள்.

"நிறைய சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் யாரும் எந்தக் குறையும் சொல்லக்கூடாதாம்."

"சரிங்க."

"கேக்காமலே காபி வரணுமாம்."

"அதையும் அவங்களேவா சொன்னாங்க?"

"அதைத்தான் முதல்ல சொன்னாங்க."

"சரிங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. இத்தனை சுலபமா? அடுத்த வாரமும் சோபாக் கடை. அந்த வாரத்து வைத்தியம்: பாத்திரச் சத்தம் நரம்புக்கு ஆகாது, அதனால் அவர் சமையலறைப் பக்கமே போகக்கூடாது. அதற்கும் "சரிங்க" என்றாள். பள்ளியில் செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டமாம். சற்றுத் தாமதமாக வந்தவள், வந்த களைப்போடு தானே எல்லாவற்றையும் கழுவி வைத்தாள்.

மூன்றாவது வாரம் மழை. நனைந்த குடையை மூலையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"போனை எங்கே வெச்சீங்க?"

"கையிலதான் இருக்கு. ஏன்?"

"வீட்டுக்குள்ள வந்ததும் அலுவலகப் போனை மேஜை டிராயர்ல போட்டு மூடணும்னு ஆலோசகர் சொன்னாங்களே. இன்னிக்குத்தானே சொன்னாங்க?"

அவர் கைபேசியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்கதான் சொன்னாங்க. ஏங்க, உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

இல்லை என்றால் சோபாக் கடை வெளியே வரும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் அன்று மாலை அவர் வீட்டில்தான் இருந்தது.

"சொன்னாங்க, சொன்னாங்க" என்று டிராயரை இழுத்தார்.

அதற்குப் பிறகு வைத்தியம் மளமளவென்று நடந்தது. சாப்பிடும்போது திடீரென்று கேட்பாள்: "இப்ப உங்க தாடை எப்படி இருக்கு?"

"மூஞ்சியிலதான் இருக்கு."

"இறுகியிருக்கான்னு பாருங்க. இறுகியிருந்தா மூச்சை மெதுவா விட்டுத் தளர்த்தணுமாம். சொன்னாங்களே."

"சொன்னாங்க."

இன்னொரு நாள் பாத்திரத் தொட்டியைக் காட்டினாள். "வெதுவெதுப்பான தண்ணியில ஒரு தட்டைக் கழுவும்போது அந்த ஒரு தட்டை மட்டும்தான் நினைக்கணுமாம்."

"பாத்திரச் சத்தமே ஆகாதுன்னாங்களே!"

"அது அப்போ. இப்ப நீங்க முன்னேறிட்டீங்க."

முன்னேறியவர் கழுவினார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, அன்றைக்கு மனசை அறுத்த விஷயம் ஒன்றை மாலையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. "ஒண்ணுமில்லை" என்றார். "ஒண்ணுமில்லைங்கறது செல்லாதாம்" என்றாள். தட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு பொண்ணு இன்னிக்கு முதல்ல திட்டுச்சு. அப்புறம் அழுதுருச்சு. படுக்கையில கிடக்கிற மாமியாரோட துணியை எல்லாம் கையாலேயே துவைக்குதாம். உதிரிபாகம் வந்தாத்தானே நான் அனுப்ப முடியும்? மன்னிக்கணும்னு மட்டும் சொன்னேன். வேற என்ன செய்ய முடியும் என்னால?"

அவள் யோசனை எதுவும் சொல்லவில்லை. துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். மறுநாள் காலையில் அவருக்குத் தாடை வலிக்கவில்லை. ஆனால் கைபேசியை மட்டும் அவ்வப்போது டிராயரிலிருந்து திருடிக்கொண்டு குளியலறைக்குப் போய்வந்தார்.

"பரவாயில்லையே, விரிசல் அப்படியே நிக்குது. புதுசாத் தேய்மானம் இல்லை," என்றார் பல் மருத்துவர், அடுத்த பரிசோதனையின்போது. "விடாம ஆலோசகர்கிட்ட போறீங்க போல."

"ஒரு வாரம்கூடத் தப்பலை டாக்டர்," என்றாள் மனைவி.

அவருக்குப் பல்லில் இருந்த உறுத்தல் இப்போது மனசுக்கு வந்தது. வராத ஆளுக்கு ஒரு ஆலோசகர் இவ்வளவு பொருத்தமாக எப்படி வைத்தியம் சொல்ல முடியும்? ஏன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? அடுத்த செவ்வாய்க்கிழமை சோபாக் கடை வாசல்வரை போனவர், கடையைத் தாண்டி நடந்தார். தயங்கித் தயங்கி மாடியேறும்போது மணி ஐந்தரை.

"அஞ்சு மணிக்கு எனக்குத்தான் நேரம் கொடுத்திருந்தாங்க," என்றார் வரவேற்பில் இருந்த பெண்ணிடம்.

"அஞ்சு மணி மேடம் உள்ளே பேசிக்கிட்டிருக்காங்களே சார்."

கதவோரம் ஒரு மஞ்சள் குடை சாய்ந்திருந்தது. உடைந்த பிடியில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. அவர் பதிவு பண்ணிய புகார்.

வரவேற்புப் பெண் உள்ளே தகவல் சொன்னாள். கதவு திறந்து மனைவி வந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"வந்துட்டீங்களா?"

"நீ இங்கே என்ன பண்றே?"

"நீங்க வரலேன்னு முதல் நாளே எனக்குப் போன் வந்துச்சு. நேரத்தை ரத்து பண்ணலாம்னு அடுத்த வாரம் வந்தேன். உக்காந்து உங்க கதையை ஆரம்பிச்சேன். 'வராதவரை விடுங்க, நீங்க எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டாங்க. பகல்ல அத்தனை பிள்ளைங்க, சாயங்காலம் நீங்க. அப்படி யாருங்க என்னைக் கேட்டிருக்காங்க? நேரத்தை நானே எடுத்துக்கிட்டேன்."

"அப்ப போனு, தட்டு, தாடை எல்லாம்?"

"எனக்குச் சொன்னதுதான். நல்லா இருந்துச்சு, உங்களுக்கும் பாதி கொடுத்தேன்."

"ஆலோசகர் எனக்குச் சொன்னதா என்கிட்டயே பொய் சொல்லியிருக்கே!"

"முதல் நாள் வரும்போது உங்க முதுகில 'பாதி விலை'ன்னு சோபாக் கடைச் சீட்டு ஒட்டியிருந்துச்சுங்க. நான்தான் பிச்சுப் போட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பல் கடிபடவில்லை.

"இன்னும் பாதி நேரம் இருக்கு," என்றாள் அவள். "உள்ளே போங்க. உங்க புகாரைப் பதிவு பண்ணிக்குவாங்க."

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. அலுவலகம். அவர் அதை எடுத்துப் பார்த்தார். அணைத்து, அவள் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போனார்.